பதினேழாம் எண் வார்

1917-ஆம் வருஷம் ஆம்பூரிலிருந்து ஆறு தையல்காரர்களைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டவன் நான். அந்த ஆறு பேரில் ஒருவனுக்கும் தைக்கத் தெரியாது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நானும் பிற்பாடு சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த வாரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பெயர் லியாகத் அலி. ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கு முதலாளிக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஜெர்மன் சண்டை முற்றியபோது வேலூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க ஒரு முகாம் போட்டார்கள். அங்கே இருந்த கேப்டன் துரைக்குத் தமிழ் வராது, இந்துஸ்தானி அரைகுறை. எனக்கு மூன்று பாஷையும் வரும் என்று முதலாளி என்னை அவரிடம் அனுப்பி வைத்தார். துரை சொல்வதைத் தமிழில் சொல்வதும், ஜனங்கள் சொல்வதை அவருக்குச் சொல்வதும், பதிவுப் பாரங்களை நிரப்புவதும் என் வேலை.

கடல் தாண்டி இராக் பக்கத்துப் பஸ்ராவில் சண்டைக்குப் போன பட்டாளத்துக்குத் தண்ணீரையும் தோட்டாவையும் சுமந்தது கோவேறு கழுதைகள்தான். அந்த ஊர் வெயிலில் சேணமும் வாரும் காய்ந்து தையல் விட்டுப்போகிறது, தைக்கத் தெரிந்த ஆட்களை உடனே அனுப்பு என்று தந்திமேல் தந்தி வந்தது. துப்பாக்கி பிடிக்க வேண்டாம். பட்டாளத்தோடு போய் உட்கார்ந்து தைத்தால் போதும். ஆனால் பதிவுப் புத்தகத்தில் பெயர் ஏறும், கைநாட்டு விழும், அதன் பிறகு பட்டாளச் சட்டம் சொன்னபடிதான் நிற்க வேண்டும், நடக்க வேண்டும்.

கேப்டன் கெட்டிக்காரர். யாரும் வாயால் அளக்க வேண்டாம், வேலையைக் காட்டட்டும் என்றார். ஒரே அளவில் வெட்டிய இரண்டு தோல் துண்டுகளை தோல் வேலை செய்கிறவர்களுக்கு வீட்டுக்கு ஒரு ஜோடியாகக் கொடுக்கச் சொன்னார். இரட்டை வரிசைத் தையல் போட்டு அவற்றை ஒரே வாராக்கி மூன்றாம் நாள் திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு வாரிலும் எண்ணும் பெயரும் எழுதிய அட்டை கட்டியிருக்க வேண்டும். அந்த அட்டைகளை எழுதியவன் நான்.

ஆம்பூருக்கு வெளியே, ஆற்றுக்குப் போகிற வழியில், தோல் வேலை செய்கிற தெரு ஒன்று இருந்தது. ஊர்க்காரர்கள் அங்கே செருப்பு வாங்குவார்கள், கிணற்றில் நீர் இறைக்கிற தோல் சால் வாங்குவார்கள், ஒரு வாய் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அந்தத் தெருவில் ஒரு முறை உண்டு. கிடங்கிலிருந்து தோலைச் சுமந்து வருவது, ஊறப்போடுவது, இழுத்து அடிப்பது, கத்தி வைத்து வெட்டுவது எல்லாம் ஆம்பிளைகள் வேலை. தைப்பது பெண்கள் வேலை. கல்யாணம் பேசப் போனால் பெண் கறுப்பா சிவப்பா என்று பார்ப்பதற்கு முன்னால், அவள் தைத்த சாலில் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். ஆம்பிளை ஊசியைத் தொட்டால் தெருவே கேலி செய்யும்.

ஆனால் அந்தத் தெருக் கன்னியப்பன் வீட்டில் பெண் தைத்ததுகூட விற்கும்போது கன்னியப்பன் செருப்பு, கன்னியப்பன் சால். வீடு அவன் பெயரில் இருப்பதால் பொருளும் அவன் பெயரில் போகும். யாரும் எதையும் ஒளிக்கவில்லை. விவரம் தெரிந்த நாள் முதல் அந்தத் தெருச் செருப்பைப் போட்டு நடந்தவன் நான், எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் வாசல் வாசலாக நின்று, வீட்டு ஆம்பிளை பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார்கள், எழுதினேன். யார் தைத்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

நாற்பத்தொரு வார்கள் வந்து சேர்ந்தன. கேப்டன் ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு மரக்கிளையில் மாட்டிக் கீழே மணல் மூட்டையைத் தொங்கவிட்டார். முப்பத்தைந்து வார்கள் இரண்டாவது மூட்டைக்குத் தையல் இளகின. ஆறு தாங்கின. அந்த ஆறிலும் பதினேழாம் எண் வாரில் நான்கு மூட்டையைத் தொங்கவிட்டும் கிளைதான் வளைந்தது. அதன் அட்டையில் கன்னியப்பன் என்று என் கையெழுத்தில் இருந்தது.

கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரை மேசைக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். இனிமேல் எந்த முகாமில் யார் சேணம் தைத்தாலும் இந்த மாதிரியைப் பார்த்துத்தான் தைக்க வேண்டும் என்று சென்னைக்கு எழுதினார். ஒரு ஜெனரல் ஒரு வாரம் தள்ளி வருகிற திங்கட்கிழமை நேரில் வந்து அந்த வாருக்கு அரக்கு முத்திரை வைப்பார் என்று பதில் வந்தது. ஆறு வார்களின் சொந்தக்காரர்கள் என்று எழுதியிருந்த ஆறு பேரையும் வரவழைத்துக் கைநாட்டு வாங்கினோம்.

அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கக்கூடாதா என்று பிறகு கன்னியப்பனைக் கேட்டேன். துரைக்கு முன்னால் நின்றுகொண்டு, பெண்டாட்டி தைத்தது என்று எப்படிச் சொல்வது என்றான். தவிர, அவள் ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்கிற வேலைதானே, கப்பலில் போகிற நாளில் கற்றுக்கொண்டுவிடலாம் என்று ஆறு பேரும் நினைத்தார்களாம். அந்த நினைப்பில்தான் பிழைப்பு நாறியது.

பழகிக்கொள்ளட்டும் என்று பெங்களூரிலிருந்து ஒரு வண்டி நிறைய பிய்ந்த சேணங்கள் வந்தன. ஆறு பேரும் நான்கு நாள் குனிந்த தலை நிமிராமல் தைத்தார்கள். ஐந்தாம் நாள் கேப்டன் ஒரு கோவேறு கழுதைக்கு அந்தச் சேணத்தைப் போட்டுச் சுமை ஏற்றினார். கழுதை பத்தடி நடந்தது. வயிற்று வார் அறுந்து சுமை ஒருபக்கம் சரிந்தது. மிரண்ட கழுதை கூடாரக் கயிறுகளை இழுத்துக்கொண்டு ஓடி, சிப்பாய்களுக்குக் கொதித்துக்கொண்டிருந்த பருப்பு அண்டாவைக் கவிழ்த்தது. அதை ஓட்டிவந்தவனுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. சேணங்களை இழுத்துப் பார்த்தால் எல்லாம் அதே லட்சணம்.

கேப்டன் ஒன்றும் கத்தவில்லை. ஆறு பேரையும் காவல் கூடாரத்தில் அடைத்தார். சண்டைக் காலத்தில் இங்கிலாந்து ராஜாவையே ஏமாற்றிப் பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறார்கள், திங்கட்கிழமை ஜெனரலுக்கு முன்னால் விசாரணை, இரண்டு வருஷம் கடுங்காவலுக்குக் குறையாது என்றார். என்னை ஆம்பூருக்குப் போய், இவர்கள் வேறு யாரிடமோ வாரை வாங்கிக்கொண்டு வந்து காட்டினார்கள் என்று சாட்சி சொல்ல ஆள் கொண்டுவரச் சொன்னார். அன்று வியாழக்கிழமை.

தெருவில் நான் முதலில் போனது கன்னியப்பன் வீட்டுக்கு. அவன் மனைவி எட்டியம்மாள் வாசலில் உட்கார்ந்து ஒரு சால் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். குள்ளமான உடம்பு, ஆனால் முழங்கைக்குக் கீழே அவள் கை என் கையைவிடத் தடிமன். நடந்ததை எல்லாம் சொன்னேன். குத்தூசியைத் தோலில் இறக்குவதும் நூலை இழுப்பதுமாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் என்றபோது மட்டும் ஊசி நின்றது.

"சாயபு, அந்த வார வாங்கிக்கினு போக நீங்க வந்தீங்களே, அத யார் கையிலிருந்து வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கையிலிருந்துதான் வாங்கினேன். கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, அவளே என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு அவளைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்த்து, ஆம்பிளை பெயர் என்ன என்று கேட்டேன்.

"எங்க ஆளு பொய் சொல்லல. கேட்டதுக்குத்தான் பதில் சொன்னாரு. யார் தெச்சதுன்னு நீங்களும் கேக்கல, உங்க தொரையும் கேக்கல. இப்ப இன்னாத்துக்கு ஜெயிலு?"

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் விசாரணை என்று வந்தால் அட்டை எழுதியவனையும் கூப்பிடுவார்கள். அவள் சாலைச் சுருட்டி வைத்துவிட்டு மற்ற ஐந்து வீட்டுக்கும் போனாள். அந்த ஐந்து பேரில் செல்லம்மாள் என்று ஒருத்தி, வாய் சும்மாவே இருக்காது. என் அம்மா வீட்டுக்கு வா என்றால் வர மாட்டான், இந்த மாமியார் வீட்டுக்கு மட்டும் கூப்பிட்டதும் போய்விட்டானா என்று புருஷனைத் திட்டிக்கொண்டே மெழுகையும் நூலையும் மடியில் கட்டினாள். மறுநாள் காலை ரயிலில் ஆறு பெண்களும் என்னோடு காட்பாடியில் இறங்கினார்கள். அங்கிருந்து பாலாற்று மணலில் நடந்தோம். சாட்சி சொல்ல ஆள் கொண்டுவரச் சொன்னார், கொண்டுபோகிறேன் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

முகாம் வாசலில் காவல் அதிகாரியான பஞ்சாபி ஜமேதார் தடுத்துவிட்டார். பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. கேப்டன் குதிரையில் வெளியே போயிருந்தார். ஜமேதாரிடம் நான் மன்றாடிக்கொண்டிருக்கும்போது எட்டியம்மாள் வாசல் ஓரத்து வேப்பமரத்தைப் பார்த்தாள். அதன் அடியில்தான் புருஷன்மார் தைத்துக் கெடுத்த சேணங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துத் தையலை விரலால் தடவினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, அழுகிப்போன பழத்தைத் தொட்டுவிட்ட அருவருப்புதான் தெரிந்தது. அப்படியே உட்கார்ந்து பழைய நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வாசலுக்கு வெளியேதான் இருந்தார்கள், ஆகையால் ஜமேதாரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

உச்சிவேளைக்குக் கேப்டன் திரும்பி வந்தபோது பதினான்கு வார்கள் தைத்து வரிசையாகக் கிடந்தன. அவர் குதிரையை விட்டு இறங்கி ஒன்றை எடுத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். மணல் மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு வாரையும் தொங்கவிட்டுப் பார்த்த பிறகு, இதெல்லாம் என்ன என்று என்னைக் கேட்டார்.  முழுவதையும் சொன்னேன். அட்டையில் நான் எழுதியது தப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

கேப்டன் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் முகம் தெளிந்தது. எல்லாரையும் தன் கூடாரத்துக்கு அழைத்துப்போய், காவலில் இருந்த ஆறு பேரையும் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது, ஆகவே ஒரு வழி சொல்கிறேன் என்றார். கப்பலுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் பெண்கள் இங்கேயே இருந்து புருஷன்மாருக்குத் தைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர்கள் கப்பல் ஏறட்டும், இவர்கள் வீட்டுக்குப் போகட்டும். வழக்கை விட்டுவிடுகிறேன். மாதிரி வாரும் அட்டையும் இருக்கிறபடியே இருக்கட்டும், திங்கட்கிழமை முத்திரை விழட்டும். மாட்டோம் என்றால் விசாரணைதான்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். ஆறு ஆம்பிளைகளும் எட்டியம்மாளைப் பார்த்தார்கள். ஒப்புக்கொள்ளேன் என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

எட்டியம்மாள் தன் புருஷனின் கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு கேப்டனைப் பார்த்துச் சொன்னாள். "பத்து நாள்ல இந்தக் கைக்கு ஊசி புடிக்கவே வராது தொர. ஏழு வயசுலருந்து தெக்கிறேன் நான். இவரு தெச்சி வயித்து வாரு அறுந்துச்சின்னா, அங்க ஒரு மனுசன் கழுதயோட உருண்டு சாவான். அந்தப் பாவம் எனக்கு வேணாம். தெக்கிறவதான் வேணும்னா, தெக்கிறவள இட்டுக்கினு போ. எம்பேர எழுது."

நான் அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். கேப்டன் சிரித்தார். நக்கல் சிரிப்பு இல்லை, சின்னக் குழந்தை யானை வேண்டும் என்று கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. பட்டாளத்தில் பெண்களுக்கு வேலை இல்லை என்றார். கடல் தாண்டிப் போக வேண்டும், வெயிலில் ஜனங்கள் சுருண்டு விழுகிறார்கள், காலரா வருகிறது, பெண் உடம்பு தாங்காது என்றார்.

சுண்ணாம்புத் தோலைத் தலையில் தூக்கிச் சித்திரை வெயிலில் நடந்த உடம்பு இது, போன வருஷம் காலராவில் தெருவில் பதினோரு பேரைப் புதைத்தோம், பஸ்ராவுக்குப் போய்த்தான் அதைப் பார்க்க வேண்டுமா என்று அவள் கேட்டாள். கேப்டன் அடுத்த காரணத்துக்குப் போனார். ஆயிரக்கணக்கான ஆம்பிளைகள் இருக்கிற இடம், ஒரு பெண்ணுக்கு அங்கே பாதுகாப்பு இருக்காது, அவள் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்றார்.

"தப்பு பண்ணப்போறவன் அவன். வேலைய வுட்டு நிறுத்தறது என்னயா? அப்பிடிப்பட்டவன நிறுத்து தொர, கப்பல்ல எடமாவது கெடைக்கும்."

கூட வந்து நின்ற ஜமேதாருக்குத் தமிழ் தெரியாது. அவர் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்றார். அவருக்கும் இந்துஸ்தானியில் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கேப்டன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. நாளைக்கு நீ செத்துப்போனால், பெண்களைச் சண்டைக்கு அனுப்பிக் கொன்றார்கள் என்று உலகமே எங்களைக் காறித் துப்பும் என்றார்.

எட்டியம்மாள் புருஷனைக் காட்டினாள். "இவரு செத்தா துப்ப மாட்டாங்களா?"

 அவள் என் பக்கம் திரும்பி, அந்தக் கப்பலில் பெண்பிள்ளை ஒருத்திகூடப் போகவில்லையா என்று கேட்டாள். எனக்குத் தெரியும். வெள்ளைக்கார நர்ஸ் அம்மாக்கள் போகிறார்கள், அவர்கள் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டியவனே நான்தான். அவளுக்கு அதைச் சொன்னேன், சொன்னதாகக் கேப்டனுக்கும் சொன்னேன். அவர் என்னை முறைத்தார். அது வேறு, அவர்கள் வேறு என்றார். எப்படி வேறு என்று அவள் கேட்டாள். அவர் மேசைமேல் இருந்த சிவப்பு அட்டைப் புத்தகத்தைத் தட்டி, சட்டம் என்றார். இந்தப் புத்தகத்தில் சேணம் தைக்கிறவன் என்றால் ஆண். பெண்ணின் பெயரை எழுத இதில் இடமே இல்லை. கடைசியாகக் கேட்கிறேன், கற்றுக்கொடுக்கிறாயா, இல்லை இவர்கள் ஜெயிலுக்குப் போகட்டுமா?

செல்லம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஒப்புக்கிட்டுப் போய்டலாமே என்று அவள் எட்டியம்மாளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கன்னியப்பன், "வாணாம்மே, நான் போறேன், எப்பிடியோ கத்துக்கறேன்" என்றான்.  எனக்கும் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாளா என்றுதான் இருந்தது. இதை ஒளிப்பதில் என்ன லாபம்?

எட்டியம்மாள் முந்தானையை விடுவித்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தாள். ஆணியில் மாட்டியிருந்த பதினேழாம் எண் வாரைக் கழற்றினாள். இடுப்பிலிருந்து தோல் சீவுகிற கத்தியை எடுத்தாள். துரையைத்தான் குத்தப்போகிறாள் என்று ஜமேதார் பாய்ந்தார். அதற்குள் அவள் வாரைத் தொடைமேல் வைத்து, முதல் முடிச்சுக்கு அடியில் கத்தி முனையைக் கொடுத்து, ஒரு வரிசை முழுவதையும் ஒரே இழுப்பில் அறுத்துவிட்டாள். இரண்டாவது வரிசையையும் அறுத்தாள். தோலில் ஒரு கீறல் இல்லை. நான்கு மூட்டை மணலைத் தாங்கிய வார் இரண்டு துண்டாகப் பிரிந்தது. துண்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு, கன்னியப்பன் என்று நான் எழுதிய அட்டையை அவற்றின்மேல் வைத்தாள்.

"இந்தப் பேர்க்காரன கூப்ட்டுத் தெக்கச் சொல்லு தொர" என்றாள்.

கேப்டன் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. பட்டாளத்துச் சொத்தை அழித்துவிட்டாள், பிடித்து அடையுங்கள் என்று கத்தினார். ஜமேதார் இரண்டு அடி வைத்துவிட்டு நின்றுவிட்டார். எங்கே அடைப்பது? முகாமில் பெண்களுக்குக் காவல் கூடாரம் கிடையாது. ஒரு பெண்மேல் கை வைக்க அவருக்கு உத்தரவும் கிடையாது. அவர் என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் அடுத்தது. அந்தச் சிவப்புப் புத்தகத்தை எடுத்தேன். ஆறு மாதமாக அதை வைத்துக்கொண்டுதான் பாரங்களை நிரப்பினேன், எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். பெயர் பதிந்தவர்கள்மேல்தான் பட்டாளச் சட்டம் செல்லும் என்கிற இடத்தைப் பிரித்துக் கேப்டன் முன்னால் வைத்தேன்.

"அவள் பெயரை எழுத இதில் இடம் இல்லை என்று சொன்னீர்கள், ஸார். இடம் இல்லாதவளை இதை வைத்துத் தண்டிக்கவும் முடியாது" என்றேன். இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அவளுக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னேன்.

போலீசைக் கூப்பிடலாம்தான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் போலீஸ் வந்தால், யார் தைத்த வார் என்ற கேள்வி வரும். ஜெனரலுக்குப் புகழ்ந்து எழுதிய மாதிரி வாரை ஒரு பெண் தைத்தாள், அவளைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தைக்கத் தெரியாதவர்களைக் கப்பலேற்றப் பார்த்தார் என்று ஊரெல்லாம் பேசும். விசாரணை வைத்தாலும் அதே கதிதான். கேப்டன் நாற்காலியைத் தானே நிமிர்த்தி உட்கார்ந்தார். வெகுநேரம் அந்த இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பொருத்திப் பார்த்தார். பிறகு ஆறு பேரின் பெயரையும் புத்தகத்திலிருந்து நீக்கச் சொன்னார். வழக்கு இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

செல்லம்மாளின் புருஷன் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். நானும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் கேப்டனுக்குத் திங்கட்கிழமை இன்னும் பாக்கி இருந்தது. அவர் குரலைத் தணித்துக்கொண்டு, எட்டியம்மாள் அந்த வாரை மறுபடி தைத்துக் கொடுத்தால் அட்டையில் அவள் பெயரையே எழுதச் சொல்கிறேன், ஜெனரலிடமும் சொல்கிறேன் என்றார். இதற்குமேல் ஒரு துரை எவ்வளவு இறங்கி வர முடியும்? நான் சந்தோஷமாகவே மொழிபெயர்த்தேன். அட்டையும் பேனாவும் என் கையில் தயாராக இருந்தன.

"அட்டையில எழுதறது இருக்கட்டும். அந்தப் பொஸ்தகத்துல எழுதுவாரா?" என்று கேட்டாள்.

கேப்டனிடம் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார், முடியாது என்று. முடிந்தால் செய்வேன் என்றும் சொன்னார். அதை அவர் மனதாரச் சொன்னார் என்றே நினைக்கிறேன்.

"என் வேல ஒஸ்தின்னு நாலு எடத்துல காட்டுவீங்க. அதப் பாத்துத் தெக்கச் சொல்லி ஆம்பளைங்கள அனுப்புவீங்க. நான் மட்டும் வரக்கூடாது. அப்ப அது ரெண்டாவே கெடக்கட்டும் சாயபு. என்னிக்காவது எம்பேர எழுத எடம் வந்தா சொல்லி அனுப்புங்க, ஊசியோட வர்றேன்."

குத்தூசியையும் மெழுகையும் மடியில் சொருகிக்கொண்டு அவள் வெளியே போனாள். மற்ற ஐந்து பெண்களும் போனார்கள். வாசலில் நின்ற சிப்பாய்கள் வழி விட்டார்கள். கேப்டன் கன்னியப்பனைக் கூப்பிட்டு, நீயாவது அவளிடம் சொல், அவள் உன் மனைவிதானே என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அவன் மேசைமேல் கிடந்த துண்டுகளையும் தன் பெயர் எழுதிய அட்டையையும் பார்த்தான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனாலும் அந்த அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"அது எட்டியம்மா வேலைங்க. அவ வாணாம்னா வாணாம்தான்" என்று சொல்லிவிட்டு அவர்கள் பின்னாலேயே போனான்.

ஆறு பேரை நீக்கியதற்கு ஆறு பாரம் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. தேர்ச்சி போதாது என்று எழுது என்றார் கேப்டன். நான் இங்கிலீஷில் எழுதினேன்: 'இவனுக்குத் தைக்கத் தெரியாது. இவன் மனைவிக்குத் தெரியும். அப்படித் தெரிந்தவர்களில் ஒருத்தி வருகிறேன் என்றாள். பெண் என்பதால் நாங்கள் மறுத்தோம்.' ஆறிலும் அதையே எழுதினேன். கேப்டன் நான்கு பாரங்களில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். ஐந்தாவதில் அவர் கண் ஓடியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாளைமுதல் நீ வர வேண்டாம் என்றார். சரி ஸார் என்றேன். பிறகு அவர் அந்த ஐந்தாவதிலும் ஆறாவதிலும் கையெழுத்துப் போட்டார், நாங்கள் மறுத்தோம் என்ற வரிக்கு நேர் கீழே.